‘செய்ய வேண்டும்’ என்பதைச் ‘செய்யலாம்’ ஆக்கியவர்

மேடை ஏறிப் பழகாத ஒருத்தியை நம்பி ஒலிபெருக்கியை ஒப்படைத்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே. சாயத் தொட்டியில் நின்று நின்று நகக்கண்ணெல்லாம் நீலமேறிப்போன மூத்த தோழர்களே. காலை ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. சைக்கிளை ஓரமாய்ச் சாய்த்துவிட்டு இருப்பதா போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே. எதிர்க் கடை மாடியில் நின்று என் பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் சட்டமன்ற உறுப்பினரின் ஆட்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

குறிப்பெடுக்கிறவரைப் பார்த்து யாரும் முறைக்க வேண்டாம். அந்தத் தொழிலைச் செய்து வயிறு வளர்த்தவள்தான் நானும். இருபத்தாறு ஆண்டுகள் சட்டமன்றத்தின் நடுவே ஒரு சின்ன மேசையில் அமர்ந்து, உறுப்பினர்கள் பேசியதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதினேன். கர்ஜித்ததை எழுதினேன், கண்ணீர் விட்டதை எழுதினேன், கதை விட்டதையும் எழுதினேன். என் வாயைத் திறக்க மட்டும் அங்கே அனுமதி இல்லை. இருபத்தாறு ஆண்டு மூடிக் கிடந்த வாய் இன்றைக்குத் திறக்கிறது. சத்தம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தொகுதி உறுப்பினர் யார்? வானத்திலிருந்து குதித்தவரா? வாரிசாய் வந்தவரா? இதோ இந்த மேடைக்குப் பின்னால் புகைபோக்கி தெரிகிறதே, அந்தச் சாய ஆலையின் கொதிகலன் அறையில் பதினான்கு ஆண்டுகள் வெந்தவர். ‘பாய்லர் அண்ணன்’ என்று நாம் வாய் நிறையக் கூப்பிட்டவர். ஒருநாள் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு, அவருடைய இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. கண் தெரியாத அந்த ஆவிக்குள் பாய்ந்து, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் யார்? கூட வேலை பார்த்த, நாம் ‘மீசை’ என்று கூப்பிட்ட தோழர். அந்த மீசையின் மனைவி, துணி மடிக்கும் பிரிவில் வேலை செய்யும், உடன்பிறவாத என் தங்கை, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதையெல்லாம் சொல்கிறேன்.

அந்த வெந்த கையைக் காட்டித்தான் அண்ணன் முதல் தேர்தலில் வாக்குக் கேட்டார். செலவுக்குப் பணம் தந்தது யார்? நீங்கள். ஆளுக்கு ஒருநாள் கூலி. சுவருக்கு வெள்ளையடித்துச் சின்னம் வரைந்தது மீசை. வரைந்த சின்னம் கோணலாய் இருந்தது என்று ஊரே சிரித்தது; சிரித்துக்கொண்டே வாக்கும் போட்டது. ஜெயித்தார். சட்டமன்றத்தில் அவர் முதலில் பேசிய நாளில் நான் மேசையில் இருந்தேன். “ஆய்வாளர் கால் வைக்காத ஆலையில் அடுப்பு எரியக் கூடாது” என்றார். அந்த வரியை அழுத்தி எழுதினேன். நம்ம ஊர் ஆள் பேசுகிறார் என்ற பெருமை, அம்மா. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

ஆனால் இரண்டாவது தேர்தல் வந்தது. அப்போது ஆளுக்கு ஒருநாள் கூலி கேட்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தார்களா? வரவில்லை. தெருத்தெருவாய் வண்டி வந்தது, கூரையளவு பதாகை வந்தது. எங்கிருந்து வந்தது? நன்கொடை தந்தவர்கள் பட்டியலை எவரும் கேட்டு வாங்கலாம்; நான் வாங்கினேன். பதினொரு நிறுவனங்கள். பதினொன்றின் பெயரையும் நான் கேள்விப்பட்டதில்லை. நம் தபால்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது பதினொண்ணு இல்லக்கா, ஒண்ணுதான். பதினொரு பேருக்கும் வர்ற தபாலை நான் ஒரே பெட்டியிலதான் போடுறேன்.”

“எந்தப் பெட்டி?”

“சாய ஆலை ஆபீஸ் வாசல்ல தொங்குதே, அந்தப் பச்சைப் பெட்டி.”

ஆமாம் தாயே, அதே பச்சைப் பெட்டிதான். நீங்கள் தினமும் கடந்துபோகிற பெட்டி.

சரி, வாங்கியவர் திருப்பித் தர வேண்டுமே, எதைத் தந்தார்? இரண்டாவது முறை ஜெயித்த பிறகு அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம் மொத்தமே ஒன்றுதான். தொழிற்சாலைச் சட்டத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கொதிகலனையும் அரசு ஆய்வாளர் ஆய்வு ‘செய்ய வேண்டும்’ என்று இருந்தது. அண்ணன் எழுந்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். தாளைப் பார்த்து வாசித்தார்: “‘செய்ய வேண்டும்’ என்னும் சொற்களுக்கு மாற்றாக, ‘செய்யலாம்’ என்னும் சொல் அமைக்கப்பெறும்.” நான்கு நிமிடம். எதிர்த்துப் பேச ஆளில்லை. பாதிப் பேர் தேநீருக்குப் போயிருந்தார்கள். ஆம் என்போர் ஆம் என்றார்கள். மேசையைத் தட்டினார்கள். நான் அடைப்புக்குறி போட்டு, ‘மேசையைத் தட்டும் ஒலி’ என்று எழுதினேன்.

எனக்குப் புரியவில்லையா? புரிந்தது. என் கை ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது. மறு மாதம் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். வந்தவள் இந்தத் தெருவில் ஒருவரிடமாவது சொன்னேனா? சொல்லவில்லை. அவர்மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என்மேலும் இருக்கிறது. அதை இந்த மேடையில் வைத்துவிட்டுத்தான் மேலே பேச முடியும்.

இரண்டு ஆண்டுகள் எந்த ஆய்வாளரும் ஆலைக்குள் கால் வைக்கவில்லை. அழுத்தம் மீறினால் ஆவியைத் தானாக வெளியே விடும் வால்வு ஒன்று கொதிகலனின் தலையில் இருக்கும். அது இறுகிக்கொண்டே வந்தது. மீசை மேலாளரிடம் சொன்னார். அடுத்த மாதம் என்றார்கள். ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதினார். ஆய்வு இப்போது கட்டாயமில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் யாரிடம் போயிருப்பார்? தான் தோளில் தூக்கி வந்தவரிடம்தான். அன்று கூடப் போனவர் அவர் மனைவி. அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

“என்னப்பா இது, கட்டாயமில்லைன்னு எழுதியிருக்கான். இதை எவன் மாத்தினான்? நீ சபையில கேக்கக் கூடாதா?” என்றாராம் மீசை.

அண்ணன் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாராம். “விசாரிக்கிறேன் மீசை. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. முதலாளிகிட்ட நானே பேசுறேன்.”

இருபது நாள் கழித்து, காலை ஒன்பதே காலுக்கு, கொதிகலன் வெடித்தது. கூரைத் தகடு பள்ளிக்கூட மைதானம் வரை பறந்து போய் விழுந்தது. மீசையோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதை எவன் மாற்றினான் என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே அந்த மனிதர் போனார். பதில் தெரிந்த நான் நாலு தெரு தள்ளி வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பின் அச்சுப் படியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். பக்கத்தைக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, “வாங்க, போய்க் கேக்கலாம்” என்றார்.

போனோம். அண்ணன் நாற்காலி போடச் சொன்னார், நாங்கள் உட்காரவில்லை.

“அக்கா, உங்களுக்குத் தெரியாததா? கட்சியில குடுத்த தாளு. படிக்காமலே வாசிச்சேன்” என்றார்.

“உங்க முதல் பேச்சையும் நான்தான் எழுதினேன்” என்றேன். “அன்னைக்குத் தாளே இல்லாம பேசினீங்க.”

அவர் முகம் சிவந்தது. “தேர்தல்னா சும்மாவா? அவ்வளவு செலவுக்கு நான் எங்க போவேன்? நீங்க குடுப்பீங்களா?”

அதற்கு என் தங்கை சொன்ன பதிலை நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும். குரலை உயர்த்தாமல் சொன்னார். “முதல் தடவை கேட்டீங்க, குடுத்தோம். ரெண்டாவது தடவை ஏன் கேக்கலை? கேட்டா, பதிலுக்கு எங்களுக்கு ஏதாவது செய்யணுமேன்னுதானே?”

சபையில் இப்படி ஒரு கேள்வியை இருபத்தாறு ஆண்டில் நான் எழுதியதில்லை.

கை தட்டுங்கள், தட்டுங்கள். அவர் கேட்கட்டும்.

இப்போது கேளுங்கள். பக்கத்துத் தொகுதியின் பெண் உறுப்பினர், முன்னாள் பள்ளி ஆசிரியை, பழைய சொல்லையே சட்டத்தில் திரும்ப வைக்க ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அது சபைக்கு வருகிறது. கூட்டத்தோடு கூட்டமாய் முனகிவிட்டுப் போகிற குரல் வாக்கெடுப்பு வேண்டாம், தலையை எண்ணுங்கள் என்றும் கேட்டிருக்கிறார். சபைத் தலைவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே ஒவ்வொரு உறுப்பினரும் எழுந்து நிற்க வேண்டும். ஆமென்றாலும் நிற்க வேண்டும், இல்லையென்றாலும் நிற்க வேண்டும். நம் உறுப்பினரும் நின்றாக வேண்டும்.

பார்வையாளர் மாடத்தில் அறுபது இருக்கைகள். அறுபதுக்கும் அனுமதிச்சீட்டு வாங்கியாகிவிட்டது. சங்கத் தலைவரின் பையில் இருக்கிறது. முதல் மூன்று சீட்டு அந்த மூன்று வீட்டுக்கு. மீதி ஐம்பத்தேழு உங்களுக்கு. ஒருநாள் கூலி போகும். அன்றைக்கு அவருக்குக் கொடுத்தோமே, இன்றைக்கு நமக்கு நாமே கொடுப்போம். மாடத்தில் பேசக் கூடாது, பதாகை காட்டக் கூடாது, கோஷம் போடக் கூடாது. சத்தம் போட்டால் வெளியேற்றுவார்கள். அதனால் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவர் எழுந்து நிற்கிற அந்த நேரத்தில் அறுபது பேரும் அவரை மட்டும் பாருங்கள். எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். பார்த்ததை ஊருக்கு வந்து வீடு வீடாய்ச் சொல்லுங்கள்.

பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கும், கால்கடுக்க நின்று கேட்ட உங்களுக்கும், தன் துயரத்தைச் சொல்ல எனக்கு அனுமதி தந்த என் தங்கைக்கும் நன்றி. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். அங்கே பார்ப்போம். வணக்கம்.