பன்னிரண்டு போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்தவருக்கு

“உள்ள வெறும் தண்ணிதானே பெரியப்பா இருக்கு? அதுக்கு ஏன் இத்தனை பேரும் சுவருக்குப் பின்னாடி ஒளியறீங்க?”

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, பட்டறையைக் குடும்பத்தாருக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில், எங்கள் வெல்டரின் ஐந்து வயது மகள் உங்களைக் கேட்ட கேள்வி இது. மேலாளருக்கே இரண்டு சொல்லில் பதில் சொல்லும் நீங்கள், அன்று அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தீர்கள்.

“தண்ணி நல்லவன் கண்ணு. இரும்பு விட்டுப்போனா நம்மள நனைச்சுட்டுப் போயிடுவான். ஆனா ஒரு மூலையில கொஞ்சம் காத்து ஒளிஞ்சிருந்தா, அவன் அமுங்கி அமுங்கிக் கோவத்தைச் சேத்து வச்சிருப்பான். அவன் ஒளியறவரைக்கும் நாமளும் ஒளியணும்.”

“அப்ப அவனை முதல்ல வெளிய அனுப்புங்க.”

“அதைத்தான் கண்ணு இருபத்தெட்டு வருஷமா பண்ணிட்டிருக்கேன்.”

அழுத்தத்தை அளந்தவரே! அவசரத்தை அடக்கியவரே! இரும்பின் முனகலுக்கு இரவல் காது கேட்காமல் தம் காதையே கொடுத்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் உயிர்களுக்கு முன்னால் நின்ற மூத்த சோதனையாளரே! பட்டறையார் அனைவரின் வணக்கம்.

கொதிகலனோ குழாயோ, எது வெளியே போனாலும் உங்கள் கையைக் கடந்துதான் போனது. முதலில் தண்ணீர் நிரப்பி, உச்சியில் உள்ள வால்வில் ஒரு குமிழிகூட இல்லாமல் நீர் வழியும்வரை காத்திருப்பீர்கள். பிறகு யாரும் நெருங்காதபடி சுற்றிலும் கயிறு கட்டுவீர்கள். பிறகு எல்லோரிடமும் ஸ்பேனரை வாங்கிப் பெட்டியில் போட்டு, சோதனை முடியும்வரை அதன்மேல் உட்கார்ந்துகொள்வீர்கள். கையில் ஸ்பேனர் இருந்தால், சொட்டுகிற இடத்தைத் திருகிப் பார்க்கத்தான் தோன்றும் என்பது உங்களுக்குத் தெரியும். ‘பெட்டிக்காரர்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

“அண்ணே, உள்ள முட்டையா வச்சிருக்கீங்க, இப்படி அடைகாக்குறீங்க?”

“ஆமாண்டா. உன் பத்து விரலும் உள்ளதான் இருக்கு.”

அழுத்தம் ஏற்றும் பம்பைத் தொடுமுன் ஒரு கணம் கண்மூடிக் கும்பிடுவீர்கள். முதலிலேயே கும்பிட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, “எல்லாம் பாத்த பிறகுதான் சாமிகிட்ட கேக்கணும். பாக்காம கேட்டா அது சோம்பேறித்தனம்” என்றீர்கள். அழுத்தமானியின் முள் படிப்படியாக ஏறும். பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அசையாமல் நிற்கும் அந்த இரும்புக்குள் எத்தனை பெரிய விசை அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்தால் இன்றும் எங்களுக்கு மெய் சிலிர்க்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கயிற்றுக்குள் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை!

ஆனாலும் உங்கள் பணிக் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. கவனக்குறைவு என்று எழுதிய ஓர் எச்சரிக்கைக் கடிதம். அந்தச் சொல்லோடு உங்களை வழியனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே, வெல்டரின் சம்மதத்தோடு அந்த நாளை இங்கே சொல்கிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சலவை ஆலைக்கான கொதிகலன். வாசலில் லாரி நிற்கிறது. ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஆள் நுழையும் துளையை மூடிய தட்டின் பன்னிரண்டு போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்து நீங்கள் கையெழுத்திட்டீர்கள். அதன் பிறகு தட்டுக்கடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் சற்று விலகியிருப்பதைக் கண்ட வெல்டர், தட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். அப்போது ஒரு போல்ட் உருண்டு வடிகாலில் விழுந்துவிட்டது. ஸ்டோர் பூட்டியிருந்தது. கழிவு டப்பாவில் அதே அளவில் ஒரு பழைய போல்ட் கிடந்தது, துடைத்து மாட்டினார். உங்களிடம் சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பீர்கள். வீட்டிலோ, பிறந்து நாற்பது நாளான மகளுக்குக் காய்ச்சல். ஒன்றே ஒன்றுதானே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

“எல்லாம் நான் பாத்தபடியே இருக்கா தம்பி?”

“அப்படியே இருக்குண்ணே.”

முள் பாதியைத் தாண்டியது. தட்டின் அடியில் ஒரு சொட்டு, பின்னும் ஒரு சொட்டு. எந்த போல்ட் என்பது வெல்டருக்கு மட்டும் தெரியும். பெட்டிக்குப் போகாத ஒரு ஸ்பேனர் அவர் பையில் இருந்தது. யாரும் கவனிக்குமுன் இறுக்கிவிடலாம் என்று கயிற்றைத் தாண்டினார். அழுத்தத்தில் நிற்கும் போல்ட் தன் பலம் முழுவதையும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திருகுவது உயிரோடு விளையாடுவது. இது அவருக்கும் தெரியும். பயத்தில் மறந்துபோனது.

நீங்கள் கத்தவில்லை. ஓடவும் இல்லை. கைக்கருகில் இருந்த வால்வைத் திறந்தீர்கள். அரை நாள் உழைப்பு சீறிக்கொண்டு வடிகாலில் பாய, முள் சரிந்தது.

“அங்கயே நில்லு. எதையும் தொடாத.”

முள் பூச்சியத்தில் நின்ற பிறகு வந்து, அந்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்தீர்கள். பாதிச் சுற்றிலேயே அது இரண்டாக உங்கள் கையில் வந்தது. உடைந்த இடம் முழுவதும் பழைய துரு. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் புதுப் பளபளப்பு. அவ்வளவு இரும்புதான் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது! வெல்டரின் முகம் அதற்கு நேரே ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. நீங்கள் போல்ட்டைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது.

அதற்குள் அப்போதைய மேலாளர் வந்துவிட்டார். “யாரு இதைப் பாத்தது?”

“நான்தான் சார். கையெழுத்து என்னுது.”

“பாக்காமலே போட்டீங்களா?”

“மூடினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை பாத்திருக்கணும் சார். பாக்கல.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மேலாளர் போன பின் நீங்கள் வெல்டரிடம் சொன்னது இவ்வளவுதான்: “ஒளிச்சு வச்ச ஸ்பேனரைக் குடு. பாப்பாவுக்குக் காய்ச்சல்னியே, கிளம்பு.”

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு போனது. எவர் தட்டைக் கழற்றினாலும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்ற விதி மட்டும் பட்டறைக்குக் கிடைத்தது. நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வெல்டரோ ஒவ்வொரு சோதனையிலும் கயிற்றுக்கு வெளியே நின்று அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐயா! ஒருவர் செய்த சிறு இரக்கம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைக் கடவுள் ஒருவரே அளப்பார். இனி உங்கள் காலைகள் பட்டறைச் சங்கின் சத்தம் இல்லாமல் விடியட்டும். உடம்பு நோயறியாமல், மனம் சுமையறியாமல், வீட்டார் சூழ நெடுங்காலம் வாழுங்கள்!

சொல்ல இன்னும் ஒன்று உண்டு. போன திங்கட்கிழமை, ஓய்வுத் தாள்களைத் தயார்செய்ய உங்கள் கோப்பைத் திறந்த அலுவலக அம்மா, எச்சரிக்கைக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தியிருந்த ஒரு தாளைக் கண்டார். வெல்டரின் கோணல் எழுத்து. ‘அந்தப் பழைய போல்ட்டை மாட்டியது நான். கயிற்றைத் தாண்டியதும் நான். இந்த எச்சரிக்கையை என் பெயருக்கு மாற்ற வேண்டுகிறேன்.’ இன்றைய மேலாளர் அப்படியே மாற்றிவிட்டார். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வெல்டர் ஆளில்லாத அலுவலகத்துக்குள் போய் அதை வைத்துவிட்டு, கைகழுவி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எந்த நாள் என்று அவர் சொல்லவில்லை, எங்களில் வேறு எவருக்கும் தெரியாது.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் பட்டறையார் அனைவரும்