கைகளைப் பார்க்கும் வேலை

காரைக்குடித் தண்ணீரை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. சோப்பைத் தொட்டாலே நுரைக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு குழாய் உண்டு. அதில் யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவாமல் போகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. பதினோரு வருடம் பார்த்தேன். வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

என் பெயர் ரீனா. தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஒரு நோயாளியின் கிருமி இன்னொரு நோயாளிக்குப் போகாமல் காப்பதற்கென்று வைத்திருக்கிற ஆள். என்னிடம் கட்டம் போட்ட தாள் இருக்கும். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், கட்டுப் பிரிக்கும் முன். கழுவினால் டிக். இல்லாவிட்டால் பெருக்கல் குறி. ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய டாக்டருக்கு அந்த வாரம் முழுவதற்குமான டிக்கைத் திங்கட்கிழமை காலையிலேயே போட்டுவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். பெரிய டாக்டருக்குப் பெருக்கல் குறி போடுகிற நர்ஸை நான் எங்கும் கண்டதில்லை.

பெரிய டாக்டர் ஏகப்பன். கைராசிக்காரர் என்று காளையார்கோவில் வரைக்கும் பெயர். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அதே கையோடு போவார். நான் தாளோடு நிற்பதைப் பார்த்தால் இரண்டு கைகளையும் விரித்து நீட்டுவார்.

"சிஸ்டர், ரேகை பாத்துச் சொல்லுங்க. ஆயுசு எம்புட்டு?"

வார்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன வருடம் தவக்காலத்தில் என் கணவர் சாலமனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஒக்கூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஆபரேஷனை ஏகப்பன்தான் செய்தார். சாலமன் படுத்திருந்த வார்டின் கோடியில் ஒரு தனி அறை. அதில் அபுதாஹிர் என்று ஒருவர் இருந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது காலில் வந்த புண் ஆறாமல் ஊர் திரும்பியவர். அந்தப் புண்ணில் இருந்தது மருந்துக்கு லேசில் அடங்காத கிருமி. அதனால் ஒதுக்கி வைத்திருந்தோம். உள்ளே போக எல்லோரும் தயங்குவார்கள். தினமும் கட்டு மாற்றியது நான்.

"மத்தவுக கையுறை போட்டும் தொட யோசிக்கிறாக" என்பார் அவர். "நீங்கதான் சிஸ்டர் வெறுங்கையால காலைத் தூக்கி வைக்கிறீக. நல்லா இருப்பீக."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை ஏகப்பன் அந்த அறைக்குள் போனார். அபுதாஹிரின் காலைத் தூக்கிப் பார்த்தார். வெளியே வந்தார். குழாயைத் தாண்டினார். சாலமனின் வயிற்றில் இருந்த பிளாஸ்திரியைப் பிரித்தார். நான் நான்கடி தள்ளி நின்றேன். கையில் தாள். அதில் டிக் ஏற்கெனவே இருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் தையலில் சீழ். சீழைப் பரிசோதித்ததில் அபுதாஹிரின் கிருமி. பத்தொன்பதாம் நாள் சாலமன் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு கமிட்டி கூடியது. நான் வாயைத் திறக்கும் முன் நிர்வாகி தாளை எடுத்து மேசையில் வைத்தார். அந்த நாள், அந்தக் கட்டம், டிக். கீழே என் கையெழுத்து.

"ரீனா சிஸ்டர் தாள்ல தப்பு இருக்காது" என்றார் ஏகப்பன்.

அவர் குத்திக் காட்டவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். கழுவியதாகவே அவருக்கு ஞாபகம். நோயாளிக்குச் சர்க்கரை இருந்தது என்று எழுதி முடித்தார்கள்.

நான் என் வேலையைச் செய்தேன். இந்தக் கிருமி சில பேர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. வார்டு ஆட்கள் இருபத்து மூன்று பேரின் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து அனுப்பினேன். ஒருவரிடமும் இல்லை. ஏகப்பனிடமும் இல்லை. மூக்கில் இல்லாவிட்டால் என்ன. அன்று கையில் இருந்தது.

பதினான்கு மாதம் போனது. இந்த மே மாதம் அபுதாஹிரின் புண் மறுபடி திறந்துகொண்டு அதே அறைக்கு வந்தார். அதே வாரம் ஏகப்பனின் மனைவி உமையாளுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். இரண்டும் தாமாக நடந்தன. நான் எதையும் திட்டமிடவில்லை.

ஆபரேஷன் அன்று மாலை அபுதாஹிரைப் பார்த்துவிட்டு ஏகப்பன் மனைவியின் தையலைப் பார்க்க வந்தார். வாசல் குழாயில் நின்றார். உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நொடி. ஒன்றைக்கூட விடவில்லை. அவருக்கு ஒழுங்காகக் கழுவத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதுவரை அவர் மேல் எனக்கு இருந்தது வருத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலை அபுதாஹிருக்குக் கட்டு மாற்றினேன். வெளியே வந்தேன். குழாயைத் தாண்டினேன். டாக்டர் அன்று நடந்த மாதிரியே, அவசரமில்லாமல்.

உமையாளின் அறை வாசலில் துர்காதேவி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். துப்புரவு வேலைக்கு இருப்பவள்.

"சிஸ்டர், கையக் கழுவலையே."

"கழுவிட்டேன்."

"தண்ணிச் சத்தம் கேக்கலையே."

"ஒன் வேலையப் பாரு தாயி."

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். கையைப் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நன்றாகக் கற்றிருக்கிறாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

உமையாள் என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"வாங்க சிஸ்டர். சாப்பிட்டீகளா?"

"இனிமேத்தான் ஆச்சி. தையலப் பாத்துட்டுப் போறேன்."

"நீங்க பாக்குறதுன்னா எனக்குத் தெம்புதான்." உடுப்பை அவரே விலக்கிக் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து இவுக சரியாத் தூங்குறதில்ல சிஸ்டர். எங்குட்டுத் தப்பு நடந்துச்சுன்னு எந்நேரமும் அதே யோசனை. வெளிய காட்டிக்கிட மாட்டாக."

பிளாஸ்திரியை மெதுவாகப் பிரித்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். தையல் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு தையலாகத் தொட்டுப் பார்த்தேன். புதுப் பிளாஸ்திரி போட்டேன். வெளியே வந்து தாளில் என் பெயருக்கு நேராக டிக் போட்டேன். பிறகு கை கழுவினேன்.

மூன்று நாள் அப்படிச் செய்தேன். ஒரு நாளில் பற்றாமல் போய்விடலாம்.

நான் ஊசியில் எதையும் ஏற்றவில்லை. மருந்தை மாற்றவில்லை. கை கழுவவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் யாராவது அப்படித்தான் போய்வருகிறார்கள். தெரியாமல் போகிறார்கள். நான் தெரிந்து போனேன். வித்தியாசம் அது ஒன்றுதான். கொலை என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

பதினேழாம் நாள் உமையாள் அதே கிருமியால் இறந்தார். ஏகப்பன் வார்டு பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கழுவுனேனே சிஸ்டர். நீங்க பாத்தீகள்ல?"

"தாள்ல டிக் இருக்கு டாக்டர்" என்றேன்.

அந்த ஒரு வரியைச் சொல்வதற்காகத்தான் பதினான்கு மாதம் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது. அவர் அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். தன் கையால்தான் போனாள் என்று நினைக்கிறாராம். நீங்கள் உண்மையைச் சொன்னால் நிம்மதியாகிவிடுவார். கொஞ்சம் தாமதமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்கிறீர்கள். வார்டில் ஆள் இருபத்து நான்கு, மாதிரி இருபத்து மூன்று, விட்டுப்போனது யார் என்று. நான்தான். மாதிரி எடுக்கிறவள் தன் மூக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நேற்று உங்கள் ஆட்கள் என்னிடம் எடுத்ததில் அந்தக் கிருமி இருந்தால், அது இந்த மே மாதம் ஒட்டியதாக இருக்கும்.

சாலமனின் தையலை டாக்டரைத் தவிர வேறு யார் தொட்டார்கள் என்றும் கேட்டீர்கள். வேறு யாருமில்லை. நான் மத்தியானம் சோறு ஊட்டப் போவேன். அபுதாஹிருக்குக் கட்டுப் போட்டதும் நேராக அங்கேதான். பாவம், பசியோடு காத்திருப்பார். இரண்டாம் நாள் பிளாஸ்திரி ஓரத்தில் அரிக்கிறது என்றார். விரலை உள்ளே விட்டு மெதுவாகச் சொறிந்துவிட்டேன். "கையக் கழுவுனியா ரீனா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கே கை கழுவச் சொல்லிக்கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது.