காலடி மண்

விடியக்காலம் மூணு மணி. மன்னார்குடி தாண்டி திருவாரூர் ரோடு. ரெண்டு பக்கமும் வயலு, ஒரு வெளக்கு கெடையாது... டேய் யூசுப், சிரிச்சே, எந்திரிச்சுப் போயிருவேன். இது நம்ம ரெத்தினத்தோட அத்தைக்கு நடந்தது.

பூவம்மா அத்தை அப்ப பள்ளிக்கூடத்துப் பாட்டுக் கோஷ்டியில இருந்தாங்க. பினாங்குத் தமிழ்க்காரங்க கூப்பிட்டு, கோஷ்டி நாகப்பட்டினத்துல கப்பல் ஏறப் போகுது. கடைசியா ஒரே ஒரு எடம் பாக்கி. தனியா நின்னு பாடுறவளுக்கு. அதுக்கு அத்தையும் மங்களாம்பிகையும் போட்டி. மங்களம் யாரு? அத்தையோட அப்பா குத்தகைக்கு உழுத நெலத்துக்காரர் மக. அந்த நேரம் பாத்து நெல உச்சவரம்பு, குத்தகைக் கேசுன்னு ரெண்டு வீடும் மொறைச்சுக்கிட்டு நின்னுச்சு. எடம் கெடைச்சது அத்தைக்கு.

"எங்க நெலத்துல நாத்து நட்டவ மக கப்பல் ஏறுறாளா?" மங்களத்துக்கு வயித்தெரிச்சல். கோஷ்டிய நாகப்பட்டினம் கொண்டு போற பஸ் கெளம்புறப்ப வெறுங்காலோட வந்து நின்னா. அத்தையையே பாத்தாளாம்.

அந்த ரோட்டுல பஸ்ஸை மறிச்சு ஒரு உருவம்... ஆத்தாடி! பாத்தா அத்தையோட அம்மா தர்மாம்பாள். வரப்புல குறுக்க ஓடி வந்திருக்காங்க. கையில ஒரு துணி முடிச்சு.

"மங்களம் நின்ன எடத்து மண்ணு. உப்பும் மொளகாயும் இருக்கு. திருஷ்டி சுத்தி நெருப்புல போட நேரமில்ல. கடல்ல வீசிடு, மறந்துடாத."

மறந்துட்டாங்க. கப்பல்ல ஒரே வாந்தி. முடிச்சு பொட்டிக்குள்ளயே பினாங்கு போயிருச்சு.

அங்க மீரா உசேன்னு நம்ம ஊர்ப் பக்கத்துலேர்ந்து போன கடைக்காரர், அவர் வீட்டு மாடியில தங்கல். மொத ராத்திரி... சத், சத்னு ஈரக்கால் சத்தம். காலையில அத்தை பாயைச் சுத்திச் சேறு. நம்மூரு வண்டல், அதே வயக்காட்டு வாசனை! ஒத்திகையில பின்கழுத்துல யாரோ மூச்சு விடுறாங்க. வாயத் தொறந்தா குரல் வரல. வேற பொண்ணைப் போட்டுடுவேன்னுட்டாங்க டீச்சர்.

அப்பத்தான் முடிச்சு ஞாபகம் வந்துச்சு. கச்சேரிக்குக் கெளம்புறப்ப அந்த வீட்டு அடுப்புல போட்டாங்க. மொளகா வெடிக்குது... கமறலே இல்ல. ஒரு தும்மல் கூட வரல. அப்படின்னா கண்ணு பலமாப் பட்டிருக்குன்னு அர்த்தம், தெரியும்ல? அன்னிக்கு அத்தை பாடினாங்க பாரு, மண்டபமே கைதட்டுச்சு.

ஊருக்கு வந்தா மங்களம் படுக்கையில. ரெண்டு உள்ளங்காலும் வெந்து கொப்புளம். அடுப்புப் பக்கமே போகலையாம். வீடு பூரா மொளகா நெடின்னு இருமிக்கிட்டே கெடக்குறா. அத்தை கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னாளாம்...

"அந்தப் பினாங்கு மாடியில சன்னலுக்குப் பச்சைக் கண்ணாடிதானே? நானும் பாத்தேன்டி. பாடப் போற நேரத்துல என்னை நெருப்புல தள்ளிட்டியே."

அந்த மாசமே செத்துப் போயிட்டா.

அத்தை இன்னிக்கும் வெளியில செருப்பைக் கழட்ட மாட்டாங்க. ஒரே ஒரு தடவை, போன மாசம் மழை வருதேன்னு, கொல்லைக் கொடியில கெடந்த துணிய எடுக்க வெறுங்காலோட ஓடிட்டாங்க. மறுநாள் காலையில ரெத்தினம் கொல்லைக்குப் போயிருக்கான்...

அத்தை காலு பதிஞ்ச எடத்துல எல்லாம், பிடிப் பிடியா மண்ணை அள்ளியிருக்கு.