வாசப்படிப் பித்தளைக் குமிழ்

கால்ல பட்டுடுச்சா? வர்றவங்க எல்லாரும் அதுலதான் இடிச்சுக்கிறாங்க. உக்காருங்க தம்பி. அந்தப் பித்தளைக் குமிழ் நான் பதிச்சது. கொல்லையில இன்னொண்ணு இருக்கு. பூமியோட ஈர்ப்பை அளக்குறதுதான் என் வேலை. காலையில கிளம்புறதுக்கு முன்னாடி கருவியை அதுமேல வச்சுப் பார்ப்பேன், சாயங்காலம் திரும்பி வந்து அதே இடத்துல மறுபடி. கருவி தடுமாறியிருந்தா அப்பத் தெரிஞ்சுடும்.

எதுக்கு அளக்கணுமா? அடியில கெட்டிப் பாறைன்னா கொஞ்சம் கூடுதலா இழுக்கும், மண்ணுன்னா கம்மியா. மேட்டுல நின்னாலும் கம்மியாகும், அதனால உயரத்தையும் அளந்து அந்தக் கணக்கைச் சரி பண்ணிடுவோம். அதுக்கப்புறமும் ஒரு இடத்துல சடார்னு இறங்கினா, பாறை உடைஞ்சு ஒரு பக்கம் உள்ள போயிருக்குன்னு அர்த்தம். அதோ தெரியுதே, அந்தக் குன்றுலேர்ந்து ஆறு வரைக்கும் அப்படி ஒரு கோடு வந்துச்சு. தரையும் சரியா அதே கோட்டுலதான் மடங்குது. ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லுமா, சொல்லுங்க?

எங்க ஆபீஸ் தலைவர் பார்த்தாரு. பல்லைக் குத்திக்கிட்டே, இதெல்லாம் கருவி பண்ற கோளாறுய்யா, அந்தக் கோட்டைத் தேச்சு விடுங்கறாரு. என்னமோ சட்டையில கறை பட்ட மாதிரி! மாட்டேன்னுட்டேன். வேற ஆளை வச்சு கம்ப்யூட்டர்ல வழுவழுன்னு ஆக்கி வரைபடத்தை வெளியிட்டுட்டாரு. ஆபீஸ் வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள போறேன்.

அவரா? வேற யாரு, என் மச்சான்தான். உள்ள டீ போடுறாளே என் வீட்டுக்காரி, இவளோட அண்ணன். அடுத்த தெருவுல, அதே கோட்டுமேல அவருக்கு வீடு இருந்துச்சு. வரைபடம் வெளியில வர்றதுக்குள்ள அதை வித்துட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. கருவிக் கோளாறுக்கு பயந்து எவனாவது வீட்டை விப்பானா? சீ, என்ன ஜென்மமோ! வாங்கினவங்க வீட்டுல நடக்க முடியாத பெரியவர் ஒருத்தர் ஜன்னலோரமா உக்காந்திருப்பாரு. என்னைப் பார்த்தா சிரிச்சுக் கையாட்டுவாரு. நான் இப்பல்லாம் அந்தத் தெரு வழியா போறதில்ல.

வீடு பார்க்க உங்களை இங்க அனுப்பினதும் அவர்தானே? தெரியும். வீடு பழசாயிடுச்சு, வித்துட்டு என் பக்கம் வந்துடும்மான்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்காரு. பாசமாம்! காரணத்தை மட்டும் சொல்ல மாட்டாரு. நான் சொன்னா இவ நம்பணுமே? அண்ணன் வரைபடத்துல கோடே இல்லையே, உங்களுக்கு அவர்மேல பொறாமைங்கறா.

சுவரா? ஆமா, புதுசா அடிச்ச நீலம். அதுக்கு முன்னாடி பச்சை. கலர்தான் சரியில்ல, அதான் வீடு விலை போக மாட்டேங்குதுன்னு மாத்திக்கிட்டே இருக்கா.

உங்க வீட்டம்மாவுக்கு எப்போ பிரசவம்? அடுத்த மாசமா? நல்லது, நல்லது. இருங்க, டீ வருது, குடிச்சுட்டே போங்க. போறப்போ கலர் பிடிக்கலன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவங்ககிட்டயும் அதைத்தான் சொல்லச் சொன்னேன்.

அந்தக் கோடு கொல்லைப் பக்கமா போகுதா? இல்ல தம்பி, கொல்லைக் குமிழ் வச்ச இடத்துலயே இருக்கு. வாசப்படிக் குமிழ்தான் வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே போகுது. கோடு இந்த ஹாலுக்கு நடுவுல போகுது.

நாங்களா? நாங்க எங்க போறது? இன்னொருத்தர் தலையில கட்டிட்டுப் போக மனசு வரல. சரி, வர்றா. நீலம் நல்லாருக்கான்னு கேப்பா. முகத்தைச் சுளிங்க.