மாடி வீட்டுச் சாமி படம்

வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு விடுவதில் பெரிய தொல்லை வேறொன்றும் இல்லை மேடம், தலைமுடிதான். ஒருத்தி வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போனாள் என்றால் பாத்ரூம் சல்லடையில் ஒரு கைப்பிடி முடி சுருண்டு கிடக்கும். பழனியம்மாள், என் மனைவி, அதை வெறும் கையாலேயே அள்ளிப் போட்டுவிடுவாள். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அருவருப்பு கொஞ்சம் அதிகம். சோற்றில் எறும்பு கிடந்தால் அன்றைக்கு முழுக்கப் பட்டினிதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் நடந்துகொண்ட விதம் உங்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா.

மங்கலத்தில் எங்களுக்கு விசைத்தறி ஓடியது. அதை விற்றுவிட்டு இந்த அனுப்பர்பாளையம் பக்கம் வீடு கட்டி வந்தோம். கீழே பனியன் துணி செக்கிங் யூனிட் வைத்திருந்தேன். உடம்பு ஒத்துழைக்காமல் அதை மூடிய பிறகுதான் மாடியை வெளிநாட்டு ஆட்களுக்கு விடும் யோசனை வந்தது. ஒரே அறை. கட்டில், கதவோரமாகக் கிரானைட் பலகை போட்ட சின்னச் சமையல் மேடை, பாத்ரூம். லாட்ஜில் தங்கப் பிடிக்காதவர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு வருவார்கள். கந்தவேல் வீடு சுத்தம் என்று எழுதிவிட்டும் போவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். செக்கிங் யூனிட்டில் என்ன செய்வோம் தெரியுங்களா? கண்ணாடி மேஜையில் துணியை விரித்து, அடியில் லைட்டைப் போட்டு, அங்குலம் அங்குலமாகப் பார்ப்போம். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன இழை, எல்லாம் தெரிந்துவிடும். பார்க்கிறார்கள் என்பதற்காகத் துணி கோபித்துக்கொள்வதில்லை. என் வீட்டுக்குள் வந்தவர்கள் மெத்தையில் செருப்போடு ஏறுகிறார்களா, சுவரில் எச்சில் கையைத் துடைக்கிறார்களா என்று பார்க்க எனக்கு உரிமை இல்லையா? பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். ஆண்கள் தங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். கரண்ட் எதற்கு வீணாக.

நீங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டீர்கள். பரவாயில்லை, மேடம். எனக்கும் அந்த மாதிரி வரும் சில ஆட்களைப் பார்த்தால்.

மார்த்தா போர்ச்சுகல் நாட்டுக்காரி. பின்னலாடைக்கு டிசைன் போடுகிறவள். முன்பு ஒருமுறை கம்பெனி வேலையாக வந்து ஓட்டலில் தங்கியவள், இந்தத் தடவை விடுமுறைக்குத் தனியாக வந்தாள். ஊரைச் சும்மா சுற்றிப் பார்க்க ஆசையாம். தாராபுரம் போய் அமராவதியில் காலை நனைக்க வேண்டுமாம். நம் ஊரில் அப்படி ஆசைப்பட்டு வருகிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

வந்த அன்றே அவள் செய்த காரியம் எனக்குச் சுருக்கென்றது. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். இன்னொரு சாவி இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். பிறகு எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, போன் டார்ச்சை அடித்து, கடிகாரம், பிளக் பாயின்ட், மேலே இருந்த புகை அலாரம், ஒன்று விடாமல் துழாவினாள். தப்பாக நினைக்க வேண்டாம், தனியாகப் போகிற பெண்கள் எந்த ஊரிலும் இதைச் செய்வதுதான் பத்திரம் என்று இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் என்ன, களவாணியா? இருந்தாலும் முகத்தில் காட்டவில்லை.

நிலைக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். சுற்றிலும் சீரியல் பல்பு போட்ட பெரிய படம். டார்ச்சை அதன் பக்கம் திருப்பினாள். பழனியம்மாள் பதறிப்போய், "சாமி படமுங்க கண்ணு, அதைய ஒண்ணும் பண்ணப்படாது" என்றாள். பாஷை புரிந்ததோ இல்லையோ, மார்த்தா உடனே டார்ச்சை அணைத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். வீடு முழுக்கத் துழாவியவள் அந்த ஒன்றைத்தான் தொடவில்லை.

ஆமாம் மேடம். கேமராவை அந்தப் படத்து மயிலின் கண்ணில்தான் வைத்திருந்தேன். சத்தமும் கேட்கிற மாதிரி பார்த்துத்தான் வாங்கினேன். பழனியம்மாளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மேலே போய் அந்தப் படத்துக்குப் பூ வைத்துக் கண்ணை மூடி நிற்பாள். அவள் முகம் என் போனில் இவ்வளவு பெரிதாகத் தெரியும். சரம் நீளமாகத் தொங்கினால் மயில் மறைந்துவிடும். சாமி முகம் மறையுது, சின்னதா வை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அவளுக்கும் மார்த்தாவுக்கும் ஒட்டிப்போனது. ஒருத்திக்கு இங்கிலீஷ் தெரியாது, இன்னொருத்திக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மணிக்கணக்கில் சிரிப்பார்கள். நம்மூரில் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்று மார்த்தா கேட்டிருக்கிறாள் போல. பழனியம்மாள் சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டேன். "ஏனுங்கன்னு கூப்புடு கண்ணு. ஏனுங்கன்னா நம்மூர்ல ஆரா இருந்தாலும் திரும்பிப் பாப்பாங்க."

அதிலிருந்து பால்காரருக்கும் ஏனுங்க, ஆட்டோக்காரருக்கும் ஏனுங்க. மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து என்னையும் கூப்பிடுவாள். "ஏனுங்க, தண்ணி வர்லீங்க." உங்களுக்குத் தெரியாததல்ல மேடம், எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் அந்த வார்த்தைதான். பழனியம்மாள் ஆயுசுக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் சொன்னால் குக்கர் விசில் மாதிரி, காதில் விழும், மனதில் ஒட்டாது. இவள் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்தச் சத்தத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். போனில் இருப்பது அதுதான். நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அன்றைக்குக் கிருத்திகை. பழனியம்மாள் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டாள். காங்கயத்தில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு. போகும்போது, "மேல சாமிக்குப் பூ வைக்க ஆளில்லீங்களே" என்று சடைத்துக்கொண்டே போனாள். மாடியைக் கையால் காட்டிச் சொன்னதில் மார்த்தாவுக்கும் விளங்கியிருக்கிறது. கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்துவிட்டாள். பாவம், ஆசையாக நீளமாகவே வாங்கியிருந்தாள்.

நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தேன். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சரத்தைப் படத்தில் சார்த்தி, மயில் மேல் விழுந்ததை ஒதுக்கி விட்டாள். அப்போதுதான் அவள் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. கிட்டத்தில் வந்து பார்த்தாள். படத்தைக் கொஞ்சம் தூக்கிப் பின்னால் போகிற வயரைப் பார்த்தாள். மறுபடியும் மயிலைப் பார்த்தாள்.

அந்த முகத்தைச் சொல்ல வேண்டும், மேடம். சாக்கடையில் கால் வைத்தவள் போல முகம் கோணிப்போனது. என்னைப் பார்த்து. நேற்றுவரை சிரித்துப் பேசினவள். பின்னால் நகர்ந்தாள், ஸ்டூல் சறுக்கியது. பின்தலை கிரானைட் விளிம்பில் பட்ட சத்தம் போனில் கேட்டது, மாடியிலிருந்தும் கேட்டது.

உடனே ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். கதவு உள்ளே தாழிட்டிருக்கவில்லை, பூட்டுத்தான் விழுந்திருந்தது, என்னிடம் இரண்டாவது சாவியும் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் இன்னொரு சாவி இல்லை என்று சொன்னவன் எந்த முகத்தோடு திறந்துகொண்டு போவது? ஒரு பெண் தனியாக இருக்கும் அறைக்குள் கூப்பிடாமல் நுழைவது மரியாதையா? எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

கூப்பிட்டாள்தான். அதை மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து, இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். பிறகு ஏனுங்க என்றாள். மறுபடி ஏனுங்க. யாரை என்று பெயர் சொல்லவில்லை. பொதுவாகக் கூப்பிட்டாள். ரோட்டில் போகிற யாராவது கேட்டிருக்கலாம். எங்கள் தெருவில் பகலில் தையல் மிஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது.

நான் போனின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

அவள் போன் கட்டில் மேல் சார்ஜில் கிடந்தது. கால் மடங்கியிருந்ததால் அவளால் எழ முடியவில்லை. திடீரென்று அது அடித்தது. பழனியம்மாளுக்கென்று அவள் வைத்திருந்த பாட்டு, கோயிலிலிருந்து கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிட்டிருப்பாள், அவளுக்கு வேறென்ன தெரியும். மார்த்தா கையை ஊன்றித் தரையிலேயே நகர்ந்தாள். போகிற வழியெல்லாம் டைல்ஸில் ரத்தம் இழுபட்டது. வெள்ளை டைல்ஸ், மேடம். கட்டில் விளிம்பு வரை வந்துவிட்டாள். அப்போதுதான் நான் பழனியம்மாளுக்குப் போன் போட்டேன். நான் கூப்பிட்டால் அவள் மற்றதை வைத்துவிடுவாள். மேலே அடிப்பது நின்றுவிட்டது.

"ஏனுங்க, மேல அந்தப் புள்ள போன எடுக்கமாட்டீங்குது, சாப்புட்டுச்சுங்களா?" என்றாள்.

"வெயில்ல அலஞ்சுட்டு வந்து படுத்திருக்குது. எழுப்பாத" என்றேன்.

"சரிங்க. எந்திரிச்சா ரசம் இருக்குது, சூடு பண்ணிக் குடுங்க."

சரி என்றேன். ஒரு சுடுசொல் சொல்லவில்லை.

கட்டிலோரமாக மார்த்தா சாய்ந்துவிட்டாள். கூப்பிடுவதும் நின்றது. வெயில் தாழ்ந்த பிறகு சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். படத்தை இறக்கினேன், கேமராவைக் கழற்றினேன். உங்களிடம் இருக்கும் வீடியோ அங்கே என் கையோடு முடிந்துவிடுகிறது. பிறகு படத்தைக் கோணல் இல்லாமல் மாட்டி, அவள் வாங்கி வந்த பூவையும் சார்த்திவிட்டுக் கீழே வந்தேன். நான் போனபோதே எல்லாம் முடிந்திருந்தது. காலையில் பழனியம்மாள்தான் ஜன்னல் வழியாகப் பார்த்து அலறினாள். ஸ்டூலில் ஏறி விழுந்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. உங்கள் ஆட்களும் அப்படித்தான் சொன்னார்கள். பொய்யும் இல்லையே.

பழனியம்மாள் நாள்கணக்கில் சோறு இறங்காமல் கிடந்தாள். மார்த்தாவின் அம்மாவுக்கு அனுப்ப ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்று என் போனை எடுத்திருக்கிறாள். அதில் தன் முகமே முதலில் வந்திருக்கிறது, கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிற முகம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் பார்த்தாள். நான் அறைக்குள் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போனேன். "தொடாத" என்றாள். வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, போனை முந்தானையில் முடிந்துகொண்டு, நடந்தே இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். யார் மேல் புகார் என்று நீங்கள் கேட்டதற்கு, "கந்தவேலு. அவந்தான்" என்று சொன்னாளாம். என் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை, மேடம். அவன் என்றா சொல்வது?

என் கணுக்காலில் இருக்கும் கீறலா? அது அன்றைக்குப் பட்டது. படத்தை மாட்டிவிட்டுத் திரும்பும்போது அவள் பிடித்தாள். நகம் பட்டுவிட்டது. கீழே போய் அதைத்தான் முதலில் கழுவினேன். எத்தனை சோப்புப் போட்டும் மனசு கேட்கவில்லை.

இல்லை, நீங்கள் சொல்வது சரி. செத்தவர்கள் பிடிப்பதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். உயிர் இருந்தது. கை சூடாகவே இருந்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள், அதே கோணல் முகம் திரும்பவும் வந்தது. ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டு ஏனுங்க என்றாள். நான் குனிந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். வலிக்காமல்தான் எடுத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவள் பிழைத்து எழுந்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்று நீங்களே சொல்லுங்கள், மேடம்.