ஒன்றுக்கு ஐம்பது அளவில் ஒரு மனிதர்

சொந்த வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு நல்ல டேப் வாங்கிவிடுங்கள், ஐயா. மூன்று மீட்டர் போதும் என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். ஐந்து மீட்டர் இரும்பு டேப், நுனிக் கொக்கி வளையாததாகப் பார்த்து வாங்குங்கள். கொக்கி வளைந்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் தப்பிப் போகும். ஒரு மில்லிமீட்டரில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மனை வாங்கிப் போட்டிருப்பதாகச் சற்று முன்னால் நீங்களே சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் மச்சான் எங்கள் புது வீட்டு ஹாலில் ஏன் நின்றுகொண்டிருந்தார் என்பதுதானே கேள்வி. பிளானில் இருந்தது, நின்றார். ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் டீயெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், விவரமாகச் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது.

கட்டட அனுமதி அலுவலகத்தில் ஒரு ஆய்வாளர் இருக்கிறார். கறார் பேர்வழி. கை நீட்ட மாட்டார், காபி குடிக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். வீடு முழுக்கக் கட்டி முடித்த பிறகு அவர் வந்து அளந்து பார்த்து நிறைவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் மின்சாரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, குடி போக முடியாது. முதல் தடவை வந்தபோதே அவர் தன் கொள்கையைச் சொல்லிவிட்டார்.

"ரொம்ப சிம்பிள் சார். பிளான்ல இருக்கறதெல்லாம் கட்டடத்துல இருக்கணும். கட்டடத்துல இருக்கறதெல்லாம் பிளான்ல இருக்கணும். நடுவுல உங்க இஷ்டமும் வரக் கூடாது, என் இஷ்டமும் வரக் கூடாது."

எனக்கு அந்த வார்த்தைகள் மிகவும் பிடித்துப்போயின. அன்றைக்குச் சமையலறை ஜன்னல் மூன்று சென்டிமீட்டர் அகலம் கூடுதல் என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டு வரைக்கும் பொறுத்துக்கொள்வார்களாம். ஒரு சென்டிமீட்டரைப் பூசி அடைத்தேன். புது விண்ணப்பம், நாற்பது நாள். அடுத்த முறை மாடிப்படியை எண்ணினார். பிளானில் பதினேழு, வீட்டில் பதினெட்டு. இடித்துக் கட்டினேன். இன்னொரு நாற்பது நாள். மூன்றாவது முறை குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். பிளானில் மரம் என்று போட்டிருந்தது, நாங்கள் மாட்டியிருந்தது பிளாஸ்டிக். "மரம்னா மரம்தான் சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

இதற்குள் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வெளியூரிலிருந்து அவர் மகள் குடும்பத்தோடு வருகிறாளாம். என் மனைவி அதற்கு முன்பே எல்லாவற்றையும் பெட்டி கட்டியிருந்தாள். கரண்டிகள் எந்தப் பெட்டிக்குள் போயின என்று தெரியாமல் இரண்டு மாதமாக டம்ளரால் மொண்டுதான் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான்காவது ஆய்வும் ஊற்றிக்கொண்டால் பெட்டிகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். அதனால் இந்தத் தடவை ஒரு கோடுகூடத் தப்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஒரே ஒரு வீடு கட்டியவர், அதையும் அவருடைய மாமனார்தான் கட்டினார். அக்கா, அதாவது அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு மடக்கு ஸ்டூலோடு எங்கள் மனைக்கு வந்துவிடுவார். அஸ்திவாரம் போட்ட அன்றைக்கு, "மாப்ள, இந்தக் கலவை பிடிக்காது" என்றார். தூண் எழுப்பிய அன்றைக்கும் அதையே சொன்னார். மேல்தளம் போட்டு, பலகை பிரித்து, தளம் கல்லாக நின்ற பிறகும் தினம் ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, "இன்னும் விழலையே" என்பார். ஏதோ தளம் அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டதைப் போல.

மாடி அறை தனக்குத்தான் என்று அவராகவே தீர்மானித்திருந்தார். கதவு வருவதற்கு முன்பே அவருடைய கட்டில் வந்துவிட்டது. கட்டில் பிளானில் இல்லை. ஆனாலும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியும் ஆட்களும் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிளானைத் தரையில் விரித்து ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்தேன். பிளானில் கீழ்ப்பாதியில் குறுக்குவெட்டுப் படம் என்று ஒன்று இருக்கும். வீட்டைக் கேக் மாதிரி நடுவில் வெட்டி உள்ளே காட்டுவார்கள். அதில் மாடிப்படியின் அடியில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

முகம் கிடையாது. ஒல்லியான உடம்பு. வலது கை இடுப்பில். ஸ்கேல் வைத்து அளந்தேன். முப்பத்துமூன்று மில்லிமீட்டர். படத்தின் அளவு ஒன்றுக்கு ஐம்பது. ஆக, மனிதரின் உயரம் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். அவர் மார்பின்மேலேயே அலுவலக முத்திரையின் ஓரம் விழுந்திருந்தது. அங்கீகரிக்கப்பட்ட மனிதர்.

பிளான் போட்டுக் கொடுத்தவருக்கு உடனே போன் செய்தேன். "அது சும்மா சார், வீடு எவ்ளோ உயரம்னு புரியறதுக்குப் போடறது" என்றார். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். சிரிப்பை விண்ணப்பத்தோடு இணைக்க முடியாது, ஐயா.

மச்சானின் உயரம் நூற்று எழுபத்திரண்டு. ஏழு சென்டிமீட்டர் அதிகம். முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லலாம், ஆனால் படத்தில் முழங்கால் நேராக இருந்தது. கொஞ்சம் யோசித்தேன். பிறகு படியின் அடியில் தரையை ஒரு சதுரம் கொத்தி எடுத்தேன். ஆழம் சரியாக ஏழு.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஸ்டூலோடு வந்தவர் குழியைப் பார்த்துவிட்டு, "தரையும் போச்சா மாப்ள?" என்று ஆசையோடு கேட்டார்.

"உள்ள இறங்கி நில்லுங்க மச்சான். கலவை போடறேன். பிடிக்குதா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"உங்க கலவைதானே? நாளைக்குக் காலைல காலை உதறிட்டுப் போய் டீ குடிப்பேன், பாருங்க."

செருப்பைக் கழற்றி, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவராகத்தான் இறங்கினார். இதை மறக்காமல் எழுதுங்கள். கலவையைக்கூட அவர்தான் மேற்பார்வை பார்த்தார். தண்ணீரைக் குறை, ஜல்லியைக் கூட்டு, நன்றாகக் குத்தி விடு என்று குழிக்குள் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் சாக்குச் சொல்லக் கூடாது பாருங்கள் என்றார். கணுக்காலைச் சுற்றி இரண்டு கம்பி வளையம் வைத்தபோது, எதற்கு என்று கேட்டார். கம்பி இல்லாமல் கான்கிரீட் போடக் கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள் என்றேன். ஒப்புக்கொண்டு தலையாட்டினார். அந்த வீட்டிலேயே மிக உறுதியான கான்கிரீட் அந்த ஒரு சதுரம்தான். அவர் சொன்னபடி கேட்டதால் வந்தது.

மறுநாள் காலை வலது காலை இழுத்துப் பார்த்தார். இடது காலை இழுத்துப் பார்த்தார். குனிந்து கான்கிரீட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்கு மாப்ள" என்றார். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. கண் கலங்கிவிட்டது.

"சரி, உடைங்க."

முடிந்த தரையை உடைத்தால் அது மாறுதல், மாறுதலுக்குத் தனி விண்ணப்பம் என்று விளக்கினேன். வியாழக்கிழமை ஆய்வு, அதுவரைக்கும்தான் என்றேன். அவர் சிரித்தார். சிரித்து முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

வியாழக்கிழமையோடு முடிந்திருந்தால் இன்றைக்கு அவரும் நம்மோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். உங்கள் டீயைக் குறை சொல்லியிருப்பார். ஆனால் புதன்கிழமை ஒரு தபால் வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் ஆய்வு ஒரு வாரம் தள்ளி வைக்கப்படுகிறது. தபாலை அவரிடமே காட்டினேன். உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை சரியாக விழவில்லை என்றார். அவர் சொன்ன கடைசிக் குறை அதுதான்.

நான் அவரைக் கொடுமைப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஆரம்பத்தில் சாப்பாடு கொடுத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவருக்குத் தொப்பை இருந்தது. படத்தில் வயிறு தட்டை. அதனால் சாப்பாட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. கையை இடுப்பிலிருந்து எடுத்து எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார், கட்டுக்கம்பியால் லேசாகக் கட்டினேன். சத்தம் போட்டார். கட்டுமானச் சத்தத்துக்குக் காலை ஏழு முதல் மாலை ஆறு வரை அனுமதி உண்டு, அந்த நேரத்தில் நான் தடுக்கவே இல்லை. ஆறு மணிக்கு மேல்தான் வாயில் துணி வைத்தேன். புதுக் கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது விதி. காலையும் மாலையும் அவர் காலடியில் தவறாமல் ஊற்றினேன். அவருக்கு எத்தனை நாள் ஊற்ற வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

என் மனைவியிடமும் நான் பொய் சொன்னதில்லை. "ஏங்க, அண்ணன் எங்க, ஆளையே காணோம்?" என்று கேட்டாள். "புது வீட்டுலதான் நிக்கறார்" என்றேன். "அவருக்கு வேற வேலை என்ன" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குக் கயிறு கட்டப் போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை பேச்சை நிறுத்திவிட்டார். செவ்வாய்க்கிழமை வயிறு படத்தோடு ஒத்துப்போனது. புதன்கிழமை அவர் சாய ஆரம்பித்ததால் சட்டைக்குள் முதுகோடு ஒரு கம்பி கொடுத்தேன். கம்பி வெளியே தெரியக் கூடாது என்பார்கள், அதனால் சட்டைக்கு மேலே ஒரு கோட்டும் மாட்டிவிட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஜன்னலை அளந்தார், டிக். படிகளை எண்ணினார், டிக். கதவைத் தட்டினார், டிக். பெயின்ட் வாடை தூக்கலாக இருக்கிறது என்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தவர் நின்றார்.

"இது யாரு சார்?"

பிளானை விரித்துக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். டேப்பை இழுத்துத் தரையிலிருந்து உச்சந்தலை வரை பிடித்தார். நூற்று அறுபத்தைந்து. கையைப் பார்த்தார், இடுப்பில்தான் இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. முகம்தான் படத்தில் இல்லையே.

"இப்படித்தான் சார் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டிக் போட்டார். பதினான்கு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சான்றிதழ் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது, டீ டம்ளருக்கு அடியில். கொஞ்சம் நகர்த்தி வைத்தால் நல்லது.

வெள்ளிக்கிழமை என் மனைவி முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். கரண்டிகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

துணிக்கடைப் பொம்மையை வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பிளாஸ்டிக் கதவுக்கு என்ன ஆனது என்று சொன்னேனே. மனிதர் என்றால் மனிதர்தான். என் உயரம் என்ன என்றும் கேட்டீர்கள். நூற்று அறுபத்தைந்து. தொப்பையும் கிடையாது. அப்படியானால் நீயே நின்றிருக்கலாமே என்பீர்கள். ஆய்வின்போது விண்ணப்பதாரர் ஆவணங்களோடு ஆய்வாளருடன் நடந்து வர வேண்டும் என்று விதி இருக்கிறது. நானே அங்கேயும் நின்று, கூடவும் நடக்க முடியுமா? ஆமாம், மச்சானை அங்கே நிறுத்தியது நான்தான், உடைக்காமல் விட்டதும் நான்தான். அதை நான் மறுக்கவே இல்லை. காரணம் விதி. வேறு காரணம் எதுவும் கிடையாது. மாடி அறை இப்போது காலியாகிவிட்டதே என்கிறீர்கள், அதையெல்லாம் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

என்ன காட்டுகிறீர்கள்? ஓ, பிளானின் மேல்பாதி. முகப்புப் படம். ஆமாம், வாசலில் ஒரு கார் நிற்கிறது. பக்கத்தில் ஒரு மரம். கூரைக்கு மேலே இரண்டு பறவைகள் பறக்கின்றன. முத்திரையின் மறுபாதி மரத்தின் மேலேயே விழுந்திருக்கிறது.

எங்களிடம் கார் இல்லை. வாசலில் மரமும் இல்லை. ஆய்வாளர் அதைக் கேட்கவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை.

என்ன ஐயா, இப்படிக் கேட்கிறீர்கள். அதெல்லாம் சும்மா அழகுக்குப் போடுவது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.