வராந்தாவுல நின்னு கேக்காதீங்க

...போதும், கைதட்டுனது போதும். வார்டன் மேடம் வாட்சைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. பெத்தவங்களே, ஒரே ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். அதைக் கேட்டுட்டு நீங்களே என்னை மேடையை விட்டு இறக்கி விட்டுடுங்க!

என் நாத்தனார் பொண்ணு ஒருத்தி இருக்கா. மீனலோசனி. உங்க பொண்ணுங்க மாதிரியே ஹாஸ்டல்ல தங்கி, பிஎச்.டி. பண்ணிக்கிட்டிருந்தா. என்ன ஆராய்ச்சி? நம்ம உடம்புல இருக்கிற ஒரு செல்லுக்கு ஆக்சிஜன் குறைஞ்சா அது என்ன பண்ணுது? அதான் ஆராய்ச்சி.

என்ன பண்ணும் தெரியுமா? உள்ளுக்குள்ள ஒரு புரோட்டீன் கிளம்பும். "மூச்சு முட்டுது... மூச்சு முட்டுது... எல்லாரும் எந்திரிங்க"ன்னு கத்துற புரோட்டீன்! ஆனா அதைக் கண்ணால பாக்க முடியாது. அதைப் பிடிச்சுக் காட்டறதுக்குன்னே ஒண்ணு இருக்கு, ஆன்டிபாடின்னு பேரு. சின்னக் குப்பியில நாலு சொட்டு, ஐஸ்ல வெச்சு வெளிநாட்டுலருந்து வரும். போலீஸ் மோப்ப நாய் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். ஆயிரம் புரோட்டீன் இருந்தாலும் தனக்கு வேண்டிய அந்த ஒண்ணைத்தான் போய்க் கவ்வும். கவ்வுச்சுன்னா, ஃபிலிம்ல கறுப்பா ஒரு கோடு விழும். கோடு விழுந்தா லோசனி டாக்டர் லோசனி. விழலேன்னா?

விழல...

எட்டு மாசம்! செல்லை ஆக்சிஜன் குறைஞ்ச பெட்டிக்குள்ள வெப்பா. நேரம் பாத்து எடுப்பா. சிந்தாம சிதறாம, பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி, வராந்தா முழுக்க நடந்து அந்தக் கோடி ரூமுக்குக் கொண்டு போவா. அங்கதான் மெஷின் எல்லாம். செல்லை உடைப்பா, ஆன்டிபாடியை ஊத்துவா, ஃபிலிமைப் பாப்பா. வெள்ளை! சுத்தமா வெள்ளை! "ஆன்டிபாடி சரியில்ல"ன்னு வேற வாங்குனா. வெள்ளை. மூணாவது வாங்குனா. அதுவும் வெள்ளை.

அவளோட கைடு ஆபிரகாம் சார் நல்ல மனுஷன். தினமும் வராந்தாவுல பாக்கறப்போ கேப்பாரு. "என்ன லோசனி, எல்லாம் ஓகேவா?" இவ சிரிச்சுக்கிட்டே, "ஓகே சார்." ராத்திரி பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுவா. தண்ணிச் சத்தத்துல அழுகைச் சத்தம் கேக்காதில்ல? என் நாத்தனார் போன் பண்ணுனா, "நல்லா இருக்கேம்மா."

கடைசில ஒரு நாள் சார் சொல்லிட்டாரு. "பூஜை லீவு முடிஞ்சதும் உன் ஆராய்ச்சியைப் பாக்கக் கமிட்டி கூடுதும்மா. அன்னிக்கும் கோடு இல்லேன்னா... இந்தத் தலைப்பை விட்டுடலாம்." பிஎச்.டி. சேந்து நாலு வருஷம்ங்க! நாலு வருஷத்தை எங்க விடறது?

ஆயுத பூஜை அன்னிக்கு என்ன ஆச்சுங்கறீங்க? கோடி ரூம்ல மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை! லேப்பே ஜம்முனு இருக்கு. "நாளைக்குக் காலைல வரைக்கும் இந்த ரூம்ல யாரும் எதையும் தொடக் கூடாது"ன்னு உத்தரவு. இவ செல்லு பெட்டிக்குள்ள கிடக்கு. நாலு மணிக்கு நேரம் முடியுது. என்ன பண்ணுவா பாவம்?

சுண்டல் கொண்டு வந்த தூக்குவாளி இருந்துச்சு. கழுவுனா. ஐஸை நொறுக்கிப் போட்டா. செல்லை உடைக்கிற மருந்தையும் அதுலயே சொருகி, பெட்டிக்குள்ளயே வெச்சுட்டா. பெட்டியிலேயே கைய விட்டு வேலை செய்ய ரெண்டு கையுறை மாட்டியிருக்கும். அது வழியா கைய விட்டு, உள்ளயே... அங்கயே... உடைச்சுட்டா! தூக்கு ஃபிரீசருக்குப் போச்சு. ஃபிரீசருக்கு ஏதுங்க லீவு?

மறுநாள் விஜயதசமி. அதே பழைய ஆன்டிபாடி, வேலைக்காகாதுன்னு ஓரங்கட்டுன முதல் குப்பி. ஊத்துனா. ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்துல காட்டுனா...

கோடு! கன்னங்கரேல்னு கோடு! "சார்! சார்! சார்!"னு வராந்தாவுல ஓடறா. செருப்பு ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம்! சாருக்கும் சந்தோஷம் தாங்கல. "சரஸ்வதி அருள்மா இது!" ஆபிரகாம் சார் சொல்றாருங்க!

இவ சொன்னா, "அருள் இருக்கட்டும் சார். ஆனா... நேத்து நான் வராந்தாவுல நடக்கல சார்."

உடனே பெட்டிக்குள்ள ரெண்டு தட்டு செல்லு வெச்சா. ஒண்ணைப் பெட்டிக்குள்ளயே உடைச்சா. இன்னொண்ணை வழக்கம்போல வராந்தாவுல நடத்திக் கூட்டிட்டுப் போனா. முதல்ல கோடு. ரெண்டாவது வெள்ளை! புரியுதுங்களா? செல்லு உயிரோட இருக்கறப்போ காத்து பட்டா, அந்தப் புரோட்டீன் அஞ்சே நிமிஷத்துல தானா அழிஞ்சுடும். பெட்டிக்குள்ளயே உடைச்சு ஐஸ்ல வெச்சுட்டா தப்பிச்சுடும். அவ்வளவு நேரம் கத்துனது, வராந்தாவைத் தாண்டறதுக்குள்ள அடங்கிடும். அங்க போய் ஆன்டிபாடியைத் தேடச் சொன்னா அது எதைப் பிடிக்கும்? அது மேல ஒரு தப்பும் இல்ல!

அப்போ சார் கேட்டாரு. "ஏம்மா... எட்டு மாசமா இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கே. தினமும் கேட்டேனே, ஒரு நாள்கூட என்கிட்டச் சொல்லலையே?"

"சார்... நீங்களும் என்னைய வராந்தாவுலதானே சார் கேட்டீங்க."

...

இப்போ உங்ககிட்ட வர்றேன். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வர்றீங்க. முறுக்கு, தேங்காய் பர்ஃபி எல்லாம் வருது. கீழ விசிட்டர்ஸ் ஹால்ல உக்காந்து மகளைக் கூப்பிட்டு அனுப்பறீங்க. அவ என்ன பண்றா? முகத்தைக் கழுவிக்கிட்டு, பொட்டை நேரா வெச்சுக்கிட்டு, படியிறங்கி வர்றா. "என்னடா, நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்ப்பா." அவ பொய் சொல்லலைங்க! உங்களைப் பாத்ததும் அவளுக்கு நிஜமாவே மூச்சு வந்துடுது. அந்த நேரத்துல கோடு விழாது. நீங்க வெள்ளை ஃபிலிமைப் பாத்துட்டு, "புள்ள நல்லா இருக்கா"ன்னு நிம்மதியா பஸ் ஏறிடறீங்க!

இன்னிக்கு வார்டன் மேடம்கிட்டக் கேட்டு அனுமதி வாங்கிட்டேன். சாப்பாடு பன்னண்டரைக்கு. அதுக்கு முன்னாடி எல்லாரும் மாடிக்குப் போங்க. அவ ரூமுக்கு, அவ கட்டிலுக்கு. அங்க போய் உக்காருங்க. ஒண்ணும் கேக்க வேணாம், அறிவுரையும் வேணாம்... சும்மா பக்கத்துல உக்காருங்க.

எந்திரிங்க, எந்திரிங்க! எனக்குக் கைதட்ட வேணாம். படி அந்தப் பக்கம் இருக்கு.